விடைப்பட்டியைத் திருத்துபவர் யார்?



சில ஆண்டுகளுக்கு முன் இலக்கணப் பயிற்சித்தாள் ஒன்றில் 'பள்ளி' என்னும் சொல்லை நீக்கிவிட்டுப் 'பள்ளிக்கூடம்' என்று மாற்றினேன். எழுத்துகளை எண்ணிச் சொல்ல வேண்டும் என்பதே வினா. வினாவை மாற்றிய நான் விடைப்பட்டியை மாற்ற மறந்தேன். அதில் 3 என்றே இருந்தது. அதைப் பார்த்தே திருத்தினேன். 7 என்று எழுதியிருந்த மாணவி ஒருத்தி தாளோடு என்னிடம் வந்து, விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். அவள் வராதிருந்தால், சரியான விடையைத் தவறென்று கற்றிருப்பாள்.

கணினி நிரலாளர்களுக்கும் இதே தொல்லை நெடுங்காலம் இருந்தது. நிரலை ஒருவர் திருத்துவார். அதனை விளக்கும் கையேடு பழையபடியே கிடக்கும். கட்டற்ற மென்பொருள்களில் இது பெருஞ்சிக்கல். எங்கோ இருக்கும் தன்னார்வலர்கள் ஆளுக்கொரு பகுதியைத் திருத்துகிறார்கள். புதிதாகக் கற்க வருபவருக்கோ கையேடே ஆசிரியர்.

இதற்கு ஓர் எளிய வழியைப் பைத்தான் மொழியினர் கண்டனர். 2001இல் வெளிவந்த பைத்தான் 2.1 பதிப்பில், டிம் பீட்டர்ஸ் எழுதிய 'டாக்டெஸ்ட்' என்னும் கருவி சேர்க்கப்பட்டது. விளக்கவுரையில் ஓர் எடுத்துக்காட்டையும் அதன் கீழே அதற்குரிய விடையையும் எழுதி வைக்க வேண்டும். கருவி அந்த எடுத்துக்காட்டைத் தானே இயக்கி, கிடைத்த விடையை எழுதிய விடையோடு ஒப்பிடும். மாறுபட்டால் உடனே சொல்லிவிடும்.

இதன் அருமையைத் தமிழைக் கொண்டே காட்டலாம். 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் என்ன? யூடிஎஃப்-8 முறையில் எழுதிய சாதாரணச் சரமாகப் பழைய பைத்தான் 2இல் கொடுத்தால் 15 என்று வரும். அது பைட்டுகளின் எண்ணிக்கை. 2008இல் வெளியான பைத்தான் 3இல் 5 என்று வரும். அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய யூனிகோடு குறிகளின் எண்ணிக்கை. நம் வகுப்பிலோ த, மி, ழ் என 3. பழைய கையேட்டில் 15 என்று எழுதியிருந்தால், புதிய பதிப்பில் சோதித்த அன்றே பிழை வெளிப்பட்டுவிடும்.

அடுத்து, வெளியிடும் வேலையும் தானியங்கியானது. 2008இல் கியோர்க் பிராண்டல் 'ஸ்பிங்ஸ்' கருவியை வெளியிட்டார். எளிய உரைக்கோப்புகளிலிருந்து இணையப் பக்கங்களையும் அச்சுக்குரிய நூலையும் அது உருவாக்கும். எடுத்துக்காட்டுகளைச் சோதிக்கும் வசதியும் அதில் உண்டு. 2010இல் எரிக் ஹோல்ஷர், சார்ல்ஸ் லைஃபர், பாபி கிரேஸ் ஆகிய மூவர் 'ரீட் த டாக்ஸ்' தளத்தைத் தொடங்கினர். மூலக்கோப்பில் மாற்றம் செய்து அனுப்பினால் போதும். கையேடு புதிதாகக் கட்டப்பட்டு இணையத்தில் ஏறிவிடும்.

நம் மொழிக்கும் இம்முயற்சியில் பங்குண்டு. 'எழில்' நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த 'ஓப்பன்-தமிழ்' என்னும் பைத்தான் நிரல்தொகுப்பு, தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிறது. அதனிடம் 'தமிழ்' என்று கொடுத்தால் மூன்று எழுத்துகளே கிடைக்கும். நிரலோடு சோதனைகளும் சேர்த்தே வைக்கப்பட்டுள்ளன. யாரேனும் திருத்தம் செய்யும்போது அவற்றை மீண்டும் இயக்கி, எண்ணிக்கை பிறழவில்லை என்று உறுதி செய்யலாம்.

ஆனால் பொறிக்கும் எல்லை உண்டு. விடை பொருந்துகிறதா என்று மட்டுமே அது பார்க்கும். விடை 5 என்று எழுதினால், பைத்தான் 3 அதனைச் சரியென்றே ஏற்கும். இலக்கணப்படி 3 அல்லவா என்று கேட்காது. விளக்கம் பிள்ளைக்குப் புரியுமா என்பதும் அதற்குத் தெரியாது. அவை நம் கடமைகள்.

இப்போதெல்லாம் புதிய பயிற்சித்தாளை விடைப்பட்டி பாராமல் முதலில் நானே செய்து பார்க்கிறேன். பெற்றோரும் வீட்டில் ஒரு வழக்கம் கொள்ளலாம். பிள்ளையின் விடை பட்டியோடு முரண்பட்டால், உடனே கண்டிக்காமல் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிழை பட்டியிலும் இருக்கலாம்.

அன்புடன்,
புக்கிட் காத்திலிலிருந்து உங்கள் தமிழாசிரியர்