முழுகாமல் இருத்தல்

எங்கள் பக்கத்தில் கருவுற்ற பெண்ணை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பார்கள். மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் குளியல் இம்முறை நடக்கவில்லை என்று பொருள். நடக்காத குளியலை வைத்துக் கருவை அறிந்த மொழி. வகுப்பில் இச்சொல்லை விளக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மார்கழி நினைவுக்கு வரும்.

நாள் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறை. மறுநாள் ஒன்றுமில்லை. “பட்டுடுச்சுல்ல, அப்பத் தூரந்தான். தலைக்கு ஊத்திக்கம்மா” என்றார் மாமியார். ஊற்றிக்கொண்டேன். மொழியின் கணக்குப்படி நான் முழுகிவிட்டவள். விடாத இருமலுக்கு நெஞ்சில் எக்ஸ்ரேகூட எடுத்தேன். குமட்டல் தாங்காமல் மருத்துவரிடம் போனபோது நான் சொன்ன தேதிப்படி ஆறு வாரம், ஸ்கேனில் பத்து. “படிச்சவங்க, தேதி சொல்லத் தெரியாதா?” என்றார். மகள் பிறந்து அவள் விரல்களை எண்ணும்வரை அந்த எக்ஸ்ரே என்னை விடவில்லை.

அந்தக் கறைக்கு ஒரு வரலாறு உண்டு என்று பிறகுதான் அறிந்தேன். 1920களிலும் 30களிலும் அமெரிக்காவின் பால்டிமோரில் கார்ல் ஹார்ட்மன் ரீசஸ் குரங்குகளை ஆராய்ந்தார். (ரீசஸ் நம் வடநாட்டுக் குரங்குதான்.) கருவுற்ற குரங்குகளில், பெரும்பாலும் நுண்ணோக்கிக்கு மட்டுமே தெரிந்த ரத்தக்கசிவைக் கண்டு ‘நச்சுக்கொடி அடையாளம்’ என்று குறிப்பிட்டார். கரு கருப்பையில் பதியும்போது கசியும் ரத்தம் என்ற விளக்கம் அங்கிருந்து பெண்களுக்கும் வந்து பாடநூல்களில் தங்கிவிட்டது.

பெண்களிடமே கேட்டுப் பார்த்த ஆய்வும் உண்டு. 1980களில் வட கரோலினாவில் பிள்ளைக்கு முயன்ற 221 பெண்கள் நாள்தோறும் காலைச் சிறுநீரைச் சேகரித்தார்கள். ரத்தம் பட்ட நாளை நாட்குறிப்பில் எழுதினார்கள். 2003இல் வெளியான கணக்கில், 151 கர்ப்பங்களில் 14 பேருக்கு முதல் எட்டு வாரத்துக்குள் ரத்தம் பட்டிருந்தது. அவர்களில் 12 பேர் உயிருள்ள பிள்ளை பெற்றார்கள். ஆனால் கரு பதிந்த நாளில் பட்டது அரிது. வழக்கமாக விலக்கு வரும் நாளை ஒட்டியே பட்டது. குரங்கு தந்த விளக்கத்துக்கு நாட்குறிப்புகள் சாட்சி சொல்லவில்லை. கறை மட்டும் உண்மை. அது விலக்காகத் தோன்றுவதும் உண்மை.

ஆகவே, வழக்கத்தைவிடக் குறைவாக, ஓரிரு நாளில் நின்றுபோனால் அதை விலக்கு என்று எழுதிவிடாமல், ஒரு வாரம் கழித்துச் சிறுநீர்ச் சோதனை செய்துபார்க்கலாம். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலியோ மயக்கமோ சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. கரு குழாயில் தங்கியிருக்கலாம்.

மகள் பிறந்த பிறகு ஒருநாள் மாமியார் பேச்சுவாக்கில் சொன்னார்: “நடுவுலவன் வயித்துல இருக்கும்போது நானும் ரெண்டு மாசம் குளிச்சேன். லேசாத்தான் பட்டுச்சு. யாருகிட்டச் சொல்ல?”