மூன்று காசுத் தடங்கள்

போக்குவரத்துத் தடங்களின் வழியே ஒரு நகரத்தின் வரலாற்றைப் படிக்க விரும்புவோருக்குக் கென்யாவின் தலைநகரான நைரோபியைவிட நல்ல பாடநூல் கிடைப்பது அரிது. அந்நகரம் பிறந்ததே ஒரு தடத்தின் பொருட்டுத்தான். மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரியை நோக்கி ஆங்கிலேயர் அமைத்த இருப்புப்பாதை 1899இல் அங்கு வந்து சேர்ந்தது. மாசாய் மக்கள் குளிர்ந்த நீருள்ள இடம் என்று பெயரிட்டிருந்த சதுப்புநிலத்தில் இரயில்வேயின் பண்டசாலை எழுந்தது. அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது. மேற்கின் மேட்டுநிலம் வெள்ளையருக்கு, கிழக்கின் தாழ்நிலம் ஆப்பிரிக்கருக்கு, இடைப்பட்ட பகுதிகள் இந்தியருக்கு என்று குடியேற்ற ஆட்சி நகரைக் கூறுபோட்டது.

1934இல் இலண்டனைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 13 பேருந்துகளுடன் 12 தடங்களில் சேவையைத் தொடங்கியது. கென்யா பஸ் சர்வீஸ் என்று அறியப்பட்ட அதில் 1966இல் நகராட்சி 25 விழுக்காடு பங்கைப் பெற்றுக்கொண்டு, நகருக்குள் பேருந்து ஓட்டும் தனியுரிமையை அதற்கே அளித்தது. ஆனால் 1963இல் விடுதலை கிடைத்தபின் ஆப்பிரிக்கர் நகருக்குள் வருவதற்கிருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்து, கிராமங்களிலிருந்து மக்கள் பெருகி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் குடியேறிய விளிம்புகள் வரை அந்தப் பேருந்துகள் எட்டவில்லை.

அந்த இடைவெளியில் நுழைந்தவைதான் மத்தாத்துகள். கிக்குயூ மொழியிலும் சுவாகிலியிலும் மூன்று என்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. தொடக்ககாலக் கட்டணம் மூன்று பத்துக் காசுகள். பழைய வண்டிகளை வாங்கி, பின்புறம் பலகைகளை இருக்கையாக அடித்து, உரிமமின்றி ஓட்டினார்கள். காவலர்கள் பிடிப்பதும் வண்டிகள் மீண்டும் முளைப்பதுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. கட்டணத்தைப் பெயராகச் சூடிக்கொண்ட வண்டி ஆப்பிரிக்காவில் இது ஒன்று மட்டுமன்று. கானாவின் 'த்ரோ த்ரோ' மூன்று பென்னிகளிலிருந்தும், தான்சானியாவின் 'தாலா தாலா' ஐந்து ஷில்லிங் நாணயத்தின் பட்டப்பெயரிலிருந்தும் வந்தவை. பயணிக்கு முதலில் கண்ணில் பட்டது காசுதான் என்பதை இப்பெயர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

1973இல் அதிபர் ஜோமோ கென்யாட்டா ஓர் ஆணையின் மூலம் மத்தாத்துகளுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்களித்தார். நேற்றுவரை குற்றமாக இருந்தது ஒரே நாளில் தொழிலாயிற்று. 1984ஆம் ஆண்டின் சட்டம் உரிமத்தையும் வண்டிப் பரிசோதனையையும் கட்டாயமாக்கியது. 2004இல், அமைச்சர் ஜான் மிச்சுக்கியின் பெயரால் இன்றும் வழங்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் செல்லவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, இருக்கைப் பட்டை, வண்டியைச் சுற்றி மஞ்சள் பட்டை, ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சீருடை என்று அவை விரிந்தன. இத்தனைக்குப் பிறகும் நகரின் பெரும்பாலான பேருந்துப் பயணங்களைச் சுமந்த இந்த அமைப்புக்கு, பயணி கையில் வைத்துப் பார்க்கத்தக்க முழுமையான வரைபடம் ஒன்று இல்லை. விதிகள் எழுதிய அரசு, தான் ஒழுங்குபடுத்த முனைந்த பொருளின் உருவத்தைக் கண்டிருக்கவில்லை.

நைரோபியில் வரைபடமின்மை தற்செயலாக நேர்வதன்று. கிபேரா என்ற பெருங்குடியிருப்பு பல்லாண்டுகள் அரசு வரைபடங்களில் காடாகவே காட்டப்பட்டது. 2009இல் அங்குள்ள இளைஞர்கள் கையில் ஜிபிஎஸ் கருவிகளுடன் சந்து சந்தாக நடந்து, தங்கள் குழாயடிகளையும் பள்ளிகளையும் மருந்தகங்களையும் திறந்த வரைபடத்தில் பதிந்தபோதுதான் அந்தக் 'காட்டில்' மனிதர்கள் தென்பட்டார்கள்.

மத்தாத்துகளுக்கு அந்த வேளை 2012இல் வந்தது. நைரோபிப் பல்கலைக்கழகமும், அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகமும் எம்ஐடியும், குரூப்ஷாட் என்ற சிறு வடிவமைப்பு நிறுவனமும் இணைந்து 'டிஜிட்டல் மத்தாத்து' திட்டத்தைத் தொடங்கின. முறை மிக எளியது. மாணவர்கள் கைப்பேசியுடன் வண்டியில் ஏறி முதல் நிலையிலிருந்து கடைசி நிலைவரை பயணம் செய்தார்கள். வண்டி நின்ற இடங்களின் பெயரையும் ஆயத்தொலைவையும் குறித்தார்கள். பெயர்ப்பலகை இல்லாத நிறுத்தங்களே மிகுதி. அவற்றை ஊரார் எப்படி அழைத்தார்களோ அப்படியே எழுதவேண்டியிருந்தது. வண்டிகளின் எண்கள்கூட, பழைய பேருந்து நிறுவனத்தின் தடங்களிலிருந்து வழிவழியாக வந்தவை. நிறுவனம் தேய்ந்தபின்னும் அதன் எண்கள் மக்களின் நாவில் ஓடிக்கொண்டிருந்தன.

திரட்டிய தரவைப் பதிவதில்தான் உண்மையான சிக்கல் எழுந்தது. ஜிடிஎஃப்எஸ் என்னும் பதிவுமுறை 2005இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் பேருந்துகளுக்காகக் கூகுளுடன் சேர்ந்து உருவாக்கப்பட்டது. வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று அது கேட்கும். மத்தாத்துவோ இருக்கைகள் நிரம்பியபின் புறப்படுவது. நெரிசலைக் கண்டால் பக்கத் தெருவில் திரும்பும். மழை பெய்தால் கட்டணம் ஏறும். ஆகவே காலஅட்டவணைக்கு மாற்றாக, எவ்வளவு நேரத்துக்கு ஒரு வண்டி என்ற தோராயமான இடைவெளியைக் கொண்டு குழுவினர் சமாளித்தார்கள். ஒழுங்கான நகரங்களுக்காக வார்த்த அச்சில் ஒழுங்கற்றதாகக் கருதப்பட்ட ஒரு நகரை ஊற்றிப் பார்த்த முயற்சி இது என்று நாம் சொல்லலாம்.

2014 ஜனவரியில் வரைபடம் வெளியாயிற்று. 130க்கும் மேற்பட்ட தடங்கள், பெருநகரச் சுரங்க இரயில் படங்களைப் போல, வண்ணக் கோடுகளாக அதில் ஓடின. 2015இல் இத்தரவு கூகுள் வரைபடத்திலும் ஏறியது. ஆனால் பயணிகள் தங்கள் தடத்தை முன்பே அறிந்திருந்தார்கள். அவர்கள் அறியாதது முழு நகரத்தின் வடிவம். ஏறத்தாழ எல்லாக் கோடுகளும் நடுநகரில் வந்து குவிவதை அப்படம் ஒரே பார்வையில் காட்டியது. ஒரு விளிம்பிலிருந்து அடுத்த விளிம்புக்குச் செல்லவும் நடுநகர் வந்து வண்டி மாறவேண்டும். நெரிசலுக்கான பழியை ஓட்டுநர்களின் முரட்டுத்தனத்தின்மீது சுமத்திவந்தவர்களுக்கு, குற்றத்தில் பெரும்பங்கு தடங்களின் அமைப்புக்கு உண்டு என்று அது உணர்த்தியிருக்க வேண்டும்.

உணர்த்தியதா? 2018 டிசம்பரில் நகர ஆட்சி நடுநகருக்குள் மத்தாத்துகள் நுழைவதைத் தடைசெய்தது. பல்லாயிரம் பேர் நடுநகரின் எல்லையில் இறக்கிவிடப்பட்டு, பல கிலோமீட்டர் நடந்தார்கள். முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுள் இருந்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் தடை கைவிடப்பட்டது. கோடுகள் எங்கே முடிகின்றன என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அங்கே இறங்குபவர் அடுத்து எப்படிப் போவார் என்ற கேள்வி மட்டும் கேட்கப்படவில்லை.

இங்கேதான் வரைபடத்தின் இரு முகங்களை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அது அங்கீகாரம்; அதே வேளை அதிகாரத்தின் கையில் கிடைக்கும் கருவியும்கூட. கண்ணுக்குத் தெரியாதவரை ஒருவரைப் புறக்கணிப்பது எளிது. தெரிந்தபின் அகற்றுவதும் எளிதாகிவிடலாம். நைரோபிக் குழுவினர் தரவை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்தது இதனால்தான் முக்கியமாகிறது. அரசின் மேசையில் இருக்கும் அதே படம் ஓட்டுநரிடமும் பயணியிடமும் இருக்குமானால், அவர்கள் அதைச் சுட்டிக்காட்டியே வாதிட முடியும். பின்னர் அக்ரா, கம்பாலா, மாப்புட்டோ போன்ற நகரங்களும் இவ்வழியில் தங்கள் தடங்களைப் பதிந்தன.

2009 கணக்கெடுப்பில் 31 லட்சமாக இருந்த நைரோபியின் மக்கள்தொகை 2019இல் ஏறத்தாழ 44 லட்சம். புதிய குடியிருப்புகள் எழும் இடமெல்லாம் புதிய தடங்கள் முளைக்கின்றன. அச்சிட்ட படம் அன்றே பழசாகத் தொடங்கிவிடுகிறது. யாரோ ஒருவர் மீண்டும் மீண்டும் வண்டியில் ஏறிக் கடைசி நிலைவரை போய்வந்தால்தான் அது உயிரோடிருக்கும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை ஒரு நகரம் முடிவுசெய்யும் விதத்தில், தன் விளிம்பில் வாழ்பவர்களை அது கணக்கில் வைத்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.