லைன் வீடும் வாடகைப் படிவமும்

போன வாரம் மெல்போர்னில் வீடு மாற்றுவதற்காக விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொண்டிருந்தேன். இங்கே வீடு தேடியவர்களுக்கு இந்தக் கூத்து தெரியும். சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட், ஆபீஸ் கடிதம், முந்தைய வீட்டு ஏஜெண்டின் போன் நம்பர். 'முந்தைய வீட்டைக் காலி செய்யக் காரணம்' என்ற கட்டத்தில் கை நின்றது. எங்கப்பாவாக இருந்தால் இதில் என்ன எழுதுவார்?

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் பக்கம், மாரிகுப்பம் ரயிலடிக்குக் கிட்டே. எங்க லைனில் யாரும் வீட்டுக்கு விண்ணப்பம் போட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. சுரங்கத்தில் பேர் பதிந்தால் வீடு. அவ்வளவுதான்.

1880ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே இறங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள். பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பங்கள். மூங்கில் பாயை வைத்துக் கட்டிய குடிசைகளில்தான் குடியேறினார்கள். அதற்கு 'தட்டி' என்றே பெயர். லைன் வீடுகள் அப்புறம் வந்தவை. ஊரில் ஆண்டை நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு இது விடுதலை மாதிரி தெரிந்திருக்கும், தப்பில்லை. ஆனால் படியளப்பவரே வீட்டுக்காரராகவும் இருப்பது மட்டும் மாறவில்லை. சொந்த வீடோ வெளி வாடகையோ வேண்டுமானால் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை பக்கம் போக வேண்டும். அது வியாபாரிகள் இடம்.

1930ல் கம்பெனிகள் தொழிலாளர்களைக் கைரேகை வைத்துப் பதிவு செய்யக் கிளம்பின. ஒரு சுரங்கத்தில் துரத்தப்பட்டவன் வேறு பெயரில் இன்னொரு சுரங்கத்தில் சேரவே முடியாமல் போகும் என்று ஜனங்கள் பயந்தார்கள். சுமார் மூன்று வாரம் வேலைநிறுத்தம். பயப்படாமல் என்ன செய்வார்கள்? வேலையோடு கூரையும் போகும் இடத்தில் கைரேகை என்பது வெறும் மை இல்லையே. கம்பெனிகள்தான் கடைசியில் இறங்கி வந்தன. இன்று நான் வாடகைப் படிவத்துக்காக சம்பளக் கணக்கையெல்லாம் ஸ்கேன் செய்து முன்பின் தெரியாத ஏஜெண்டுக்கு அனுப்புகிறேன். ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

1956ல் சுரங்கங்கள் மைசூர் அரசிடம் போயின. பிறகு மத்திய அரசு, 1972ல் பாரத் கோல்ட் மைன்ஸ். முதலாளி மாறினார், வீட்டுக்காரரும் கூடவே மாறினார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள்.

வேலை போன மறுநாள் அந்த வீட்டில் இருப்பவர் யார்? வாடகைதாரர் என்று நினைப்பீர்கள். இல்லை. மத்திய அரசுக் கம்பெனிகளின் கட்டடங்களுக்கு 1971ம் வருடத்துப் பொதுக் கட்டடச் சட்டம் இருக்கிறது. இருக்க அனுமதி முடிந்த பிறகும் தங்குபவர் அந்தச் சட்டப்படி 'அனுமதியற்ற குடியிருப்பாளர்'. மூன்று தலைமுறை அதே வாசலில் கோலம் போட்டிருந்தாலும் அதேதான். 2006ல் மத்திய அரசு சொத்துக்களை உலக டெண்டர் விட முடிவு செய்தது. 2013ல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி விட்டது. வீட்டைச் சொந்தமாக எழுதிக் கொடுங்கள் என்று லைன் ஜனங்கள் கேட்டுக் கொண்டே இருந்தார்கள். பிள்ளைகள் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்பினார்கள். அங்கேயே தங்கலாம்தான். பத்து மாத அட்வான்ஸுக்கு எங்கே போவது? எனக்கு வீடு பார்க்க அப்பா என்னோடு பெங்களூரில் அலைந்தபோது ஒரு வீட்டுக்காரர், எந்த ஊர் என்று கேட்டார், 'மைன்ஸா' என்றார், அப்புறம் 'நீங்க என்ன ஆளுங்க' என்றார். அப்பா பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக் கொண்டார்.

படிவத்தை முடித்துவிட்டு அவருக்குப் போன் போட்டேன். ஒரு மாத வாடகையை பாண்டாகக் கட்ட வேண்டும் என்றேன்.

"வீட்டுக்காரன் கையிலயா?"

"இல்லப்பா, அரசாங்க அமைப்பு ஒண்ணு வாங்கி வச்சுக்கும். காலி பண்றப்போ சேதம், வாடகை பாக்கி இல்லைன்னா திருப்பித் தந்துடும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உனக்கு வேலை போச்சுன்னா?" என்றார்.

"வாடகையைக் கட்டிக்கிட்டிருந்தா போதும். வேலை இல்லைன்னு மட்டும் சொல்லி வெளிய அனுப்ப முடியாது."

"சரியா படிச்சுப் பார்த்தியா?" என்று கேட்டார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.