செஞ்சியில் மாடம் ஏறிய நீர்

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதை ஆண்ட தேசிங்குராஜனுடைய வீரத்தையும் அவன் குதிரையின் வேகத்தையும் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, அந்த மதில்களுக்குள் வாழ்ந்த மனிதரும் யானைகளும் குதிரைகளும் குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது, மிஞ்சியது எவ்வழியே போயிற்று என்பதை விட்டுவிடுகிறார்கள். 1714-இல் தேசிங்கின் மரணத்தோடு முடிந்துபோன யுத்தத்தைக் காட்டிலும் இந்தத் தண்ணீர்க் கணக்கே எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது.

கோட்டை பரந்திருக்கும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும் பாறையின் மேல் பாறை அடுக்கியவை. ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் மழை, உறிஞ்சும் மண் இன்மையால், விழுந்த வேகத்திலேயே வழுக்கி அடிவாரத்துக்கு ஓடிவிடும் இயல்புடையது. ஏறக்குறைய 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் உச்சிக் கோட்டையில் இரண்டு நன்னீர்ச் சுனைகள் உண்டு. அதற்குக் கீழே மழைநீரைத் தேக்குவதற்கென்று மூன்று குளங்கள். 1690-இல் ஔரங்கசீப்பின் சேனாதிபதி ஜுல்பிகார் கான் வந்து முற்றுகையிட்ட பின்னர், சிவாஜியின் புதல்வராகிய ராஜாராம் தங்கியிருந்த இக்கோட்டை 1698 வரையில் வசப்படாமல் நின்றதற்கு மதில்களும் அகழியும் காரணமென்று சரித்திராசிரியர்கள் கூறுவது உண்மையே. ஆயினும் சுனை வற்றியிருந்தால் எந்த மதில் அத்தனை வேனிற்காலங்களைத் தாங்கியிருக்கும்?

அடிவாரத்தில், நான்கு புறமும் அறைகள் சூழ்ந்த சதுர முற்றத்தின் நடுவே, எட்டு நிலைகளோடு கூம்பிய சிகரமும் உடையதாய் எழுந்து நிற்கிறது கல்யாண மகால். அந்தப்புரத்து மாதர் வசித்ததாகச் சொல்லப்படும் இந்த மாளிகைக்கு, சுமார் 500 மீட்டர் தொலைவிலுள்ள நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண்குழாய்களின் வழியே தண்ணீர் கொண்டுவரப்பட்டது என்பதும், குழாய் மேல்நிலைகள் வரை ஏறியது என்பதும் இவ்வூர்ப் பிரசித்தம். பார்க்க வருவோர் இதில் ஏதோ யந்திர ரகசியம் இருப்பதாக வியப்பார்கள். ரகசியம் ஒன்றுமில்லை. மூடிய குழாயில் அடைபட்ட நீர், இடையில் எத்துணைப் பள்ளத்தில் இறங்கினும், தான் புறப்பட்ட மட்டத்தை மறுமுனையில் நாடி ஏறும். அதற்கு மேல் ஒரு விரற்கடையும் தானாக ஏறாது.

இதனைச் சிலர் 'சைபன்' என்று சொல்வது பொருந்தாது. சைபன் என்பது நீரைத் தொட்டியின் விளிம்புக்கு மேலாகத் தூக்கி அப்புறம் இறக்குவது. காற்றின் பாரத்தினால் நடப்பதாகையால் ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல் அதனால் தூக்க இயலாது. குழாயில் ஊசித்துளை வழியே காற்றுப் புகுந்தாலும் ஓட்டம் அறுந்துபோம். சுண்ணாம்புச் சாந்தால் பூட்டிய மண்குழாயில் அதை நம்பி ஒரு ராஜ்யம் குளிக்க முடியாது. என் வீட்டுக் கண்ணாடி மீன்தொட்டியில் நான் கண்ட அனுபவமும் இதுவே: விளிம்பின் மேல் வளைத்து மாட்டிய வடிகுழாயில் ஓர் இரவு காற்றடைத்துக்கொள்ள, வடிநீர் சேரும் கீழ்த்தொட்டியிலிருந்து மோட்டார் ஏற்றிய நீர் முழுவதும் கூடத்தில் பரவி, விடியற்காலையில் பாய் மிதந்தது. அதன்பின் கண்ணாடியிலேயே வேண்டிய உயரத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தினேன், அன்றுமுதல் உபத்திரவமில்லை.

அந்தத் துளைதான் நம் ஏரிகளின் கலிங்கு. மதகுக்கு அதைத் திறந்து மூட ஓர் ஆள் வேண்டும். கலிங்குக்கு யாரும் வேண்டாம். நீர் தன் எல்லையைத் தொட்டதும் அதுவே வழிவிடும். நள்ளிரவானாலும், கலகமானாலும், அரசு மாறினாலும் அது உறங்குவதில்லை. மழைக்காலம் முடியுந் தறுவாயில் கலிங்குக் கற்களின் இடையே மண்ணும் புல்லும் அடைத்து இன்னும் ஒரு முழம் நீரைத் தேக்கிக்கொள்வதும், அதன்பின் எதிர்பாராத மழை வந்தால் கரைக்குக் கீழேயுள்ள ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு ஓடிவருவதும் இந்தப் பக்கத்துக் குடியானவர்கள் நன்கறிந்தவை. ஏரி நிரம்பியதைக்கூட அவர்கள் 'கோடி போகிறது' என்று, வெளியேறுவதை வைத்தே சொல்வார்கள்.

செஞ்சியிலோ நீர் வெளியேறிய வழியை யாரும் பேசுவதில்லை; மாடம் ஏறிய குழாய்க்கே புகழெல்லாம். கோனார்கள் தொடங்கி நாயக்கர், பீஜப்பூரார், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என எத்தனையோ பேர் ஆண்டு போன இக்கோட்டையில், மாளிகைகள் பாழாயின; வேங்கடரமணர் கோயிலின் அழகிய தூண்கள் சில புதுச்சேரிக்குப் போயின. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராமச் செட்டி என்பவர் வெட்டுவித்ததாகக் கூறப்படும் செட்டிகுளமும், அதன் பக்கத்துச் சக்கரகுளமும் மாத்திரம் குளமாகவே இருக்கின்றன. அரசர்களைவிட இவற்றைச் சமைத்தவர்களுக்கே என் ஓட்டு.

2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில், மராட்டியர் கோட்டைகளின் வரிசையில், செஞ்சியும் சேர்ந்துவிட்டபடியால் இனி வருவோர் தொகை பெருகும். வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ராஜகிரி ஏறுமுன் கல்யாண மகாலில் சற்று நின்று பாருங்கள், மண்குழாயின் சில்லு காலடியில் கிடந்தால், ஞாபகார்த்தமாக எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாமல் கிடந்த இடத்திலேயே விட்டுச் செல்லுங்கள்.