கென்ஜியை அளக்கும் அளவுகோல்

ஜப்பானிய அரசவை இலக்கியங்களுள் தலைமை சான்றது 'கென்ஜி கதை' என்னும் உரைநடைப் பெருநூலாகும். ஹெயன் காலத்தில் (794–1185) பேரரசி ஷோஷியின் அவையில் பணிபுரிந்த முரசாகி ஷிகிபு என்னும் பெருமாட்டி இதனை இயற்றினார். 1008ஆம் ஆண்டிலேயே இக்கதை அரசவையில் பயின்று வந்தமை அவர்தம் நாட்குறிப்பால் புலனாகின்றது. 54 இயல்கள் கொண்ட இந்நூலின் தலைவன் கென்ஜி, பேரரசனின் மகன். தாய்வழித் துணைவலி இன்மையால் இளவரசர் நிலையினின்று நீக்கப்பெற்றவன். அழகும் கவித்திறனும் இசைப்புலமையும் ஒருங்கே வாய்ந்தவன். மகளிர் பலரை நாடியவன். இவன் போற்றற்குரியனா, பழித்தற்குரியனா என்னும் வினா இன்று எழுந்ததன்று.

12ஆம் நூற்றாண்டில் பௌத்தர் சிலர், பொய்க்கதை புனைந்த குற்றத்தால் நூலாசிரியர் நரகெய்தினார் எனக் கருதி, அவர் உய்தற்பொருட்டு மறைநூற் படிகள் எழுதி வழிபாடு நிகழ்த்தினர். பின்னர்க் கன்பூசிய நெறியினரான குமசாவா பன்சான் (1619–1691), பண்டை மரபுகளையும் மாந்தர் உள்ளத்தையும் அறிதற்குரிய கருவூலம் இது எனக் காத்துரைத்தார். மோத்தோஓரி நோரிநாகா (1730–1801) இவ்விரு நெறிகளையும் ஒதுக்கினார். பௌத்த அறமும் கன்பூசிய அறமும் கதைக்கு அளவுகோல் ஆகா. 'மோனோ நோ அவாரே', அஃதாவது நிகழ்ச்சிகளின் உருக்கத்தை உணரும் நெஞ்சம், உடையவனே இந்நூலுள் நல்லவன் என்பது அவர் கொள்கை. முறைதவறிய காதல் சேறு. அதனின்று மலரும் உருக்கமே தாமரை என்றும் அவர் உவமித்தார்.

இக்கொள்கை இலக்கியத்தை அறநூலின் அடிமையாகாது மீட்டது. அப்பெருமையை யாம் மறுக்கிலேம். ஆயினும் உருக்கத்தை உணர்தல் என்பது தன் துயரை உணர்தலோடு அமைவதா, தன்னாற் பிறர் உறும் துயரையும் உணர்தலா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

கென்ஜி, தன் தந்தையின் தேவியாகிய புஜித்சுபோவைக் கூடினான். பிறந்த மகன் பேரரசன் மகனாகவே வளர்ந்து ரெய்செய் என்னும் பெயரில் அரியணை ஏறினான். ஆண்டுகள் பல கழிந்து, நாற்பதாம் அகவையளவில் கென்ஜி மணந்த மூன்றாம் இளவரசியைக் கஷிவாகி என்னும் இளைஞன் கூடுகின்றான்; பிறந்த கவோருவைத் தன் மகனெனக் கென்ஜியே கையில் ஏந்த நேர்கின்றது. தன் தந்தையும் உண்மை அறிந்தே அறியாதார்போல் இருந்தனரோ என அவன் நெஞ்சம் நடுங்குகின்றது. ஆசிரியர் வெளிப்படப் பழித்திலர். நிகழ்ச்சியை நிகழ்ச்சியின் எதிர்நிறுத்தி, தலைவனையே தன் நடுவனாக்கினார்.

இதனினும் வன்மையுடைய சான்று முரசாகி என்னும் தலைவியின் வாழ்வு. ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுமியாய் இருந்தபோது, அவள் தந்தை அழைத்துச் செல்லுமுன் கென்ஜி மறைவாகக் கொண்டுவந்து வளர்த்து, பின் மனைவியாக்கினான். இளவரசியின் மணத்தால் உள்ளம் நைந்து நோயுற்ற அவள், துறவு பூண விடை வேண்டினாள். பன்முறை வேண்டியும் அவன் இசைந்திலன். பிரிவைத் தன்னால் தாங்கவியலாது என்பதே அவன் கருதியது. விடை பெறாமலே அவள் இறந்தாள். அவன் அவளுக்காக அழுதான். அவள் மடல்களை எரித்தான். அவ்வழுகை பொய்யன்று. ஆயினும் அவள் உயிருடன் இருந்தபோது வேண்டியது அழுகையன்று, விடையே.

அக்கால உயர்குடியினர் மனைவியர் பலரைக் கொள்ளுதல் வழக்காதலின், இக்காலக் கருத்தை அன்றைய மாந்தர்மேல் ஏற்றுதல் முறையன்று எனச் சிலர் கூறக்கூடும். வழக்கு வழக்கே, அதனால் விளைந்த துயரை அக்கால மகளிர் அறியாதவரல்லர். புஜிவாரா கனேயியேயின் மனைவியருள் ஒருவர், 954 முதல் 974 வரையிலான தம் வாழ்வைக் கூறும் 'ககேரோ நிக்கி' என்னும் நூலில் கணவன் வாராத இரவுகளின் வேதனையை எழுதிவைத்தார். 1200ஐ ஒட்டி எழுந்த 'முமியோசோஷி' என்னும் திறனாய்வு நூலும், கென்ஜியைப் பெரிதும் போற்றுமிடத்தேயே, கஷிவாகியைக் கூர்நோக்கால் வாட்டி மாய்த்தமை முதலியவற்றைக் குறையெனச் சுட்டுகின்றது. ஆகவே இவ்வளவுகோல் இக்காலத்தார் புகுத்தியதன்று.

கென்ஜியிடத்து நற்பண்பு இல்லையெனல் பொருந்தாது. அழகற்றவளும் வறியவளுமாகிய சுயேத்சுமுஹானாவையும் அவன் கைவிட்டிலன். தன்னை நம்பியவரை இறுதிவரை புரந்தான். புரத்தல் அவனுக்கு எளிது, செல்வத்தால் இயல்வது. தான் இழக்க வேண்டிய இடத்தில் பிறர் விருப்பத்திற்கு இடங்கொடுத்தலே அரிது. அவ்விடத்தில் அவன் தோற்றான்.

ஆதலின், நோரிநாகாவின் அளவுகோலைத் தள்ளவேண்டுவதில்லை. அதனை முற்றக் கொள்ளுதலே வேண்டுவது. உருக்கம் உணர்தலே நன்மையெனின், அவ்வுணர்ச்சி மிகுதியும் வாய்ந்தவர் கென்ஜி அல்லர். தன் துயரை மறைத்து அவன் துயரை எண்ணிய முரசாகியே ஆவர். நூலின் பெயர் அவனுடையது. நூலின் நன்மை அவளுடையது என்பது எம் துணிபு.