மதிப்பீட்டு விதியும் நிறுவன வளர்ச்சியும்: மைக்ரோசாஃப்டில் மனிதவளத் தலைமையின் பங்கு

ஒரு நிறுவனம் வளரும் வேகத்தை மூலதனமும் சந்தையும் மட்டுமே வரையறுப்பதில்லை என்றும், அதை நடத்துவோரின் கூட்டு அனுபவமே அதற்கு உள்ளிருந்து எல்லை வகுக்கிறது என்றும் பொருளியலாளர் எடித் பென்ரோஸ் 1959இல் வெளியான தம் நிறுவன வளர்ச்சிக் கோட்பாட்டு நூலில் வாதிட்டார். புதிதாகச் சேரும் மேலாளர் பயன்தரத் தொடங்குமுன் ஏற்கெனவே இருப்பவர்கள் அவரைப் பழக்க வேண்டும். அதற்குச் செலவாகும் நேரம் புதிய முயற்சிகளுக்கு உரிய நேரத்திலிருந்தே எடுக்கப்படுவதால், பணம் எவ்வளவு குவிந்திருந்தாலும் ஒரு வேகத்திற்கு மேல் பெருக முனையும் நிறுவனம் தன் ஒருங்கிணைப்பை இழந்துவிடும். இக்கோட்பாட்டின் ஒளியில் பார்க்கும்போது, ஆள் எடுப்பது, சம்பளம் வழங்குவது, விடுப்புக் கணக்கு வைப்பது ஆகியவற்றோடு முடிந்துவிடும் அலுவல் என்று கருதப்பட்ட மனிதவளத் துறை, வளர்ச்சியின் எல்லையையே விரிக்கவோ சுருக்கவோ வல்ல துறையாகிறது. அந்த ஆற்றல் எந்தக் கருவியின் வழியே செயல்படுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. பயிற்சி வகுப்புகளையும் பண்பாட்டு முழக்கங்களையும் விட, யாருடைய எந்தப் பணி கணக்கில் கொள்ளப்படும் என்பதை நிர்ணயிக்கும் மதிப்பீட்டு விதியே அக்கருவி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இதை ஆராய மைக்ரோசாஃப்ட் ஏற்ற களம். ஒரே நிறுவனம், பெரும்பாலும் அதே பொறியாளர்கள், பெரும்பாலும் அதே மென்பொருள்கள் என்ற நிலையில் 2013இல் மதிப்பீட்டு விதி மாறியதால், மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க வழியுண்டு. 2014 நிதியாண்டில் 8,680 கோடி டாலராக இருந்த அதன் வருவாய் 2024இல் 24,510 கோடி டாலராயிற்று; ஊழியர் எண்ணிக்கை ஏறத்தாழ 1,28,000இலிருந்து 2,28,000 ஆகியது. வருவாய் ஏறக்குறைய மும்மடங்கான காலத்தில் ஆள்பலம் இருமடங்கைக்கூட எட்டவில்லை என்பதால், இவ்வளர்ச்சியை வெறும் ஆள்சேர்ப்பின் விளைவாகக் கொள்ள இயலாது.

முந்தைய விதி கட்டாயத் தரவரிசை எனப்படுவது. ஒரு குழுவின் உறுப்பினர்களை முன்கூட்டியே வகுத்த விகிதங்களின்படி மேல், நடு, கீழ் எனப் பிரித்து, மேல்தட்டினருக்கு ஊக்கத்தொகையும் பதவி உயர்வும் அளித்து, கீழ்த்தட்டினரை வெளியேற்றத்தின் விளிம்பில் நிறுத்தும் முறை இது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் 20, 70, 10 விழுக்காடு என வகுத்து நடத்தியதால் இது புகழ்பெற்றது. இதன் முதற்குறை கணக்கியல் சார்ந்தது. பல்லாயிரம் பேரைக் கொண்ட தொகுதியில் திறன் ஏதோ ஒரு வடிவில் பரவியிருக்கும் என எதிர்பார்க்கலாம். ஆனால் பத்துப் பேர் கொண்ட குழு ஒன்றில் பதின்மரும் சிறந்தவர்களாக இருக்க முழு வாய்ப்பு உண்டு, விதியோ அவர்களுள் ஒருவரைக் கடையர் என்று அறிவித்தாக வேண்டும் என்கிறது. பெருந்தொகுதிக்குக்கூட மணி வடிவப் பரவல் பொருந்துமா என்பதும் ஐயத்திற்குரியது. எர்னஸ்ட் ஓபாயில், ஹெர்மன் அகினிஸ் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஆராய்ச்சியாளர், கலைஞர், அரசியலாளர், விளையாட்டு வீரர் எனப் பல துறைகளைச் சேர்ந்த ஆறு லட்சத்திற்கும் மேற்பட்டோரின் செயல்திறனை ஆராய்ந்து, மிகச் சிலர் மிகப் பெரும் பங்கை ஆற்ற மற்றவர்களுள் பெரும்பாலோர் சராசரிக்குக் கீழே அமையும் பரவலே பெரும்பாலும் காணப்படுவதைக் காட்டியது. எனவே நடுவில் 70 விழுக்காட்டினரைக் குவித்து வைக்கும் விகிதம், உண்மையை அளப்பதைவிட உண்மையின் மீது ஒரு வடிவத்தைத் திணிப்பதாகவே இருக்கிறது.

நடத்தை சார்ந்த குறையோ இன்னும் ஆழமானது. அருகில் அமர்ந்திருப்பவர் உயர்ந்தால் தாம் தாழ்வோம் என்பதை அறிந்த பொறியாளர் அவருக்கு உதவத் தயங்குவதும், திறமையானவர்கள் தம்மினும் திறமையானவர்கள் இருக்கும் குழுவில் சேர மறுப்பதும் அவ்விதியின்கீழ் அறிவுக்கு ஒத்த முடிவுகளே. 2012இல் வேனிட்டி ஃபேர் இதழில் கர்ட் ஐகன்வால்ட் எழுதிய நீண்ட கட்டுரை, மைக்ரோசாஃப்டின் முன்னாள், இந்நாள் ஊழியர்களைப் பேட்டி கண்டு, நிறுவனத்தின் தேக்கத்திற்கு இம்முறையைப் பெருங்காரணமாகச் சுட்டியது. அதில் பேசியவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். விதி எதற்குப் பரிசளித்ததோ அதைச் செய்தவர்கள்.

மனிதவளத் தலைவர்கள் இக்குறையை அறியாதிருக்கவில்லை. வன்பொருள், இல்லப் பயன்பாட்டு மென்பொருள் பிரிவுகளை நடத்திய அனுபவத்தோடு 2005இல் மனிதவளப் பொறுப்பை ஏற்ற லிசா பிரம்மெல், ஊழியரின் அதிருப்தியைக் கேட்டறிந்து 2006இல் மதிப்பீட்டு முறையைத் தளர்த்தினார். ஆயினும் விகித வரம்பு முற்றாக நீங்கவில்லை; 2011இல் 1 முதல் 5 வரையிலான எண் தரமாக அது மீண்டும் இறுகியது. 2013 நவம்பரில் அதே பிரம்மெல்தான், எண் தரமும் இல்லை, விகிதமும் இல்லை என்று ஊழியர்களுக்கு அறிவித்தார். எட்டாண்டுகளாகப் பதவியில் இருந்தவரால் 2006இல் பாதியளவே செய்ய முடிந்ததை 2013இல் முழுமையாகச் செய்ய முடிந்தது ஏன் என்ற கேள்விக்கான விடை மனிதவளத் துறைக்கு வெளியே இருக்கிறது. அவ்வாண்டு ஜூலையில் தலைமைச் செயல் அலுவலர் ஸ்டீவ் பால்மர், தனித்தனிக் கணக்கு வைத்திருந்த பிரிவுகளைக் கலைத்து நிறுவனத்தை ஒன்றாக இணைக்கும் மறுசீரமைப்பை அறிவித்திருந்தார். இணைந்து உழைக்க வேண்டியவர்களை ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாக்கும் விதி அந்தச் சீரமைப்போடு நேர்முரணாக நின்றது. தொழில் உத்தியில் தேவை எழாதவரை மனிதவளத் தலைமையின் நல்லறிவு தனித்து வெல்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

2014 பிப்ரவரியில் சத்யா நாதெள்ளா தலைமை ஏற்றார். அவ்வாண்டின் பிற்பகுதியில், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவை நடத்திவந்த காத்லீன் ஹோகன் மனிதவளத் தலைவரானார். பிரம்மெல், ஹோகன் இருவருமே மனிதவளத் துறைக்குள்ளேயே வளர்ந்தவர்கள் அல்லர், தொழிற்பிரிவுகளை நடத்தி வந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. பணி எப்படி நடக்கிறது என்பதை அறிந்தவர் வகுக்கும் விதிக்கும் அறியாதவர் வகுக்கும் விதிக்கும் வேறுபாடு உண்டு. இக்காலத்தில் நிலைபெற்ற மதிப்பீடு மூன்று கேள்விகளைச் சுற்றி அமைந்தது: ஊழியர் தாமே ஈட்டிய பயன் என்ன, பிறருடைய வெற்றிக்கு அவர் அளித்த பங்கு என்ன, பிறர் செய்து வைத்த பணியைத் தம் பணிக்கு அடித்தளமாக எவ்வாறு எடுத்துக்கொண்டார். இவற்றுள் மூன்றாவதே மிகுந்த நுட்பமுடையது. பிறர் எழுதிய நிரலை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் தாமே புதிதாக எழுதி நிலைநாட்டிக்கொள்வது மென்பொருள் உலகின் பழைய பழக்கம். அதற்கு எதிராக, எடுத்துப் பயன்படுத்துவதையும் சாதனையாக எண்ணும்படி விதி மாற்றப்பட்டது.

இம்மாற்றம் வருவாயோடு இணைந்த இடம் மேகக் கணிமை, அதாவது கணிப்பொறித் திறனையும் மென்பொருளையும் வாடிக்கையாளர் தம் இடத்தில் நிறுவாமல் வலைவழி வாடகைக்குப் பெறும் முறை. உரிமம் விற்ற காலத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானதும் விற்பனையாளரின் வேலை முடிந்தது. வாங்கியவர் அதைப் பயன்படுத்தினாரா என்பது விற்பனையாளரின் கவலை அன்று. மேகக் கணிமையிலோ வாடிக்கையாளர் பயன்படுத்தும் அளவுக்கே பணம் வருகிறது. ஆகவே விற்பனையாளர், நிறுவித் தரும் பொறியாளர், பழுது நீக்கும் உதவியாளர், மென்பொருளை எழுதியவர் ஆகிய அனைவரும் ஒப்பந்தத்திற்குப் பின்னும் ஒரே வாடிக்கையாளரைச் சுற்றி இணைந்து உழைத்தால்தான் வருவாய் தோன்றும். விற்பனையாளரின் ஊக்கத்தொகையை உரிம விற்பனையிலிருந்து பயன்பாட்டு அளவுக்கு மாற்றியது, மதிப்பீட்டு விதியின் மாற்றத்தோடு சேர்த்தே நோக்கத்தக்க நடவடிக்கை. ஒருவரைத் தாழ்த்தி மற்றவரை உயர்த்தும் பழைய விதி நீடித்திருந்தால் இக்கூட்டுழைப்புக்கு ஒவ்வொருவரும் தம் நலனுக்கு எதிராகவே செயல்பட நேர்ந்திருக்கும்.

இக்காலத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் வேறு. உளவியலாளர் கேரல் டுவெக் 2006இல் நூலாக விளக்கிய வளர்மனப்பாங்கு, அதாவது திறமை பிறவியில் முடிந்துவிடுவதன்று, முயற்சியால் வளர்வது என்ற நம்பிக்கை, மைக்ரோசாஃப்டின் பண்பாட்டை மாற்றியது என்பதே அது. நாதெள்ளாவும் ஹோகனும் அக்கருத்தை நிறுவனம் முழுவதும் பரப்பியது உண்மை. ஆனால் பள்ளிச் சூழலில் அம்மனப்பாங்கின் விளைவைத் தொகுத்து ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வு, அதற்கும் கல்விச் சாதனைக்குமான தொடர்பு வலுவற்றது என்று கண்டது. மனப்பாங்கு மாறினால் நடத்தை மாறும் என்பதைவிட, விதி மாறியதால் நடத்தை மாறியது, அப்படி மாறிய நடத்தைக்கு மனப்பாங்கு பற்றிய பேச்சு ஒரு பொதுமொழியைத் தந்தது என்று கொள்வதே சான்றுகளுக்கு நெருக்கமானது. கடையர் எனப் பெயரிடப்படும் அச்சம் நீடித்திருந்த அலுவலகத்தில் அதே முழக்கம் சுவரொட்டியாகவே நின்றிருக்கும்.

இந்நிலைப்பாட்டிற்கு வலுவான மறுப்புகள் உண்டு. அஸூர் மேகச் சேவை 2010இலும் ஆஃபிஸ் 365 சேவை 2011இலும், அதாவது பழைய விதி நடப்பில் இருந்தபோதே, சந்தைக்கு வந்துவிட்டன. எனவே வளர்ச்சியின் விதைகள் சீர்திருத்தத்திற்கு முந்தியவை. மேகக் கணிமைச் சந்தை முழுவதுமே அக்காலத்தில் விரிந்ததால், எந்த விதி இருந்திருந்தாலும் ஓரளவு வளர்ச்சி கிடைத்தே இருக்கும். இவ்விரண்டும் ஏற்கத்தக்கவை, விதிமாற்றம் மேகச் சேவையை உருவாக்கவில்லை, உருவானதைப் பெருக்கத் தடையாக இருந்ததை நீக்கியது என்பதற்கு மேல் உரிமை கோர இயலாது. மூன்றாவது மறுப்பு இன்னும் கடினமானது: ஊழியரிடம் கடுமையான எதிர்பார்ப்புக்கும் ஆண்டுதோறும் ஒரு பகுதியினரை வெளியேற்றும் போக்குக்கும் பெயர்பெற்ற அமேசான், அதே மேகக் கணிமையில் முன்னணியில் நிற்கிறது. மறுபுறம், மரிஸா மேயர் தலைமையில் காலாண்டுதோறும் ஊழியரைத் தரம் பிரிக்கத் தொடங்கிய யாகூ, 2017இல் தன் முதன்மைத் தொழிலை வெரைசன் நிறுவனத்திற்கு 448 கோடி டாலருக்கு விற்றது. ஆகவே மென்மை வளர்க்கும், கடுமை அழிக்கும் என்ற எளிய சமன்பாடு நிற்காது. அமேசான் தன் பணிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுக்களுக்கிடையேயான தொடர்பை வரையறுத்த மென்பொருள் இடைமுகங்களின் வழியே அமைத்துக்கொண்டது. ஒருவரையொருவர் நேரில் சார்ந்திருக்கும் தேவை அங்குக் குறைவு. மைக்ரோசாஃப்டின் பெருமென்பொருள்களில் அத்தேவை அதிகம். பணியின் அமைப்புக்கு விதி பொருந்துகிறதா என்பதே மனிதவளத் தலைமை கேட்க வேண்டிய கேள்வி. பிற நிறுவனத்தின் விதியை அப்படியே எடுத்து ஒட்டுவது, ஜெனரல் எலெக்ட்ரிக்கிடமிருந்து எடுத்தாலும் மைக்ரோசாஃப்டிடமிருந்து எடுத்தாலும், ஒரே பிழைதான்.

பென்ரோஸ் கூறிய உள்வரம்பு நிறுவனங்களை வாங்கும்போது மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை ஏறத்தாழ 720 கோடி டாலருக்கு வாங்கும் பணி 2014 ஏப்ரலில் முடிந்தது; ஜூலையிலேயே 18,000 பணிநீக்கங்கள் அறிவிக்கப்பட்டன, அவற்றுள் 12,500 வரை நோக்கியாவிலிருந்து வந்தவர்களுடையவை. மறு ஆண்டு மேலும் 7,800 பேர் நீக்கப்பட, 760 கோடி டாலர் மதிப்பு கணக்கிலிருந்து தள்ளுபடி செய்யப்பட்டது. இதற்கு நேரெதிராக, 2016இல் 2,620 கோடி டாலருக்கு வாங்கிய லிங்க்ட்இன் நிறுவனத்தை அதன் பெயரோடும் தலைவரோடும் பண்பாட்டோடும் தனியே இயங்க விட்டனர். 2018இல் வாங்கிய கிட்ஹப்பும் அதன் பெயரோடு தனியே இயங்க விடப்பட்டது. உள்வாங்கும் திறனுக்கு எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, உள்வாங்காமலேயே வளரும் வழியைத் தேர்ந்தது, நோக்கியா கொள்முதலிலிருந்து கற்ற பாடம் எனலாம்.

நோக்கியாவின் கதையில் தமிழ்நாட்டிற்கும் ஓரிடம் உண்டு. 2006இல் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் கைப்பேசி ஆலை, வரி வழக்கில் சொத்துகள் முடக்கப்பட்டதால் மைக்ரோசாஃப்டுக்கு மாற்றப்படாமல், அந்நிறுவனத்திற்காக ஒப்பந்த உற்பத்தி செய்யும் இடமாயிற்று. மைக்ரோசாஃப்ட் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதும் 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. அங்கு உழைத்த ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் மைக்ரோசாஃப்டின் ஊழியர் கணக்கில் ஒருநாளும் இடம்பெறவில்லை. ஆதலால் அதன் மனிதவளத் தலைமையின் வெற்றி தோல்விக் கணக்கிலும் அவர்கள் இல்லை. தரவரிசை ஒழிந்து கூட்டுழைப்பு பாராட்டப்பட்ட அதே காலத்தில், அதே நிறுவனத்தின் முடிவு ஒன்றால் வாழ்வாதாரம் இழந்தவர்கள் இவர்கள். உலகளாவிய நிறுவனத்தின் மனிதவளத்தைப் பற்றிப் பேசும் ஆய்வுகள் சம்பளப் பட்டியலின் எல்லையையே ஆய்வின் எல்லையாகக் கொள்வது, இந்த வகை இழப்பைப் பார்வையிலிருந்து நீக்கிவிடுகிறது. இது முறையியல் குறை மட்டுமன்று, அறக்குறையும் ஆகும்.

அண்மை ஆண்டுகள் விதியின் உறுதியையே சோதிக்கின்றன. 2023 ஜனவரியில் 10,000 பேரும், 2025 மே, ஜூலை மாதங்களில் சேர்த்து ஏறத்தாழ 15,000 பேரும் நீக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. புதிய ஆள்சேர்ப்பும் உடன் நடந்ததால், 2024 ஜூனிலும் 2025 ஜூனிலும் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 2,28,000 ஆகவே இருந்தது. 2025 மார்ச்சில் ஹோகன் வேறு பொறுப்புக்கு மாற, ஏமி கோல்மன் மனிதவளத் தலைவரானார். பிறருடைய வெற்றிக்கு உதவுவதை மதிப்பிடும் விதி, உதவி செய்பவர் அதன் பயன் வெளிப்படும் வரை பணியில் இருப்பார் என்ற எதிர்பார்ப்பின் மீது நிற்கிறது. இலாபம் பெருகும் ஆண்டிலேயே வேலை போகக்கூடும், நீக்கப்படுவோர் எந்த அளவுகோலால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர் என்பதும் வெளிப்படாது என்ற நிலையில், தம் அறிவைப் பகிராமல் தம்மையே தவிர்க்க முடியாதவராக்கிக்கொள்வது மீண்டும் அறிவுக்கு ஒத்த முடிவாகிறது. 2013இல் விதியிலிருந்து நீக்கப்பட்ட அச்சம் விதிக்கு வெளியிலிருந்து திரும்ப வழி திறந்திருக்கிறது. அதை அடைக்க வேண்டுமாயின், பணிநீக்கத்தின் அளவுகோல்களும் மதிப்பீட்டைப் போலவே ஊழியர் அறியும்படி வகுக்கப்பட வேண்டும், அந்தக் கோரிக்கையை நிதித் துறையின் முன் வைக்கும் அதிகாரம் மனிதவளத் தலைவருக்கு இருக்க வேண்டும்.