வெள்ளைப் பெயின்ற் அடிச்சால் சரியாகுமா?

சனசமூக நிலையத்து அலுமாரிக்குப் பின்னால சுருட்டிக் கிடந்த பழைய படத்திரையை எடுத்து விரிச்சபோது, நடுவில உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாய் ஒரு திட்டு. "ஒரு லீற்றர் வெள்ளைப் பெயின்ற் வாங்கினால் அலுவல் முடிஞ்சுது" என்றான் கூட வந்த நண்பன். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் திட்டின் ஓரத்தை விரலால தடவ, மா மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. வெயிலில பிடிச்சால் மினுங்கியது. அது தூசி இல்லை, கண்ணாடி.

திரை என்றால் வெறும் வெள்ளைத் துணி என்றுதான் நினைக்கிறம். தொடக்கத்தில அது உண்மைதான். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் லூமியர் சகோதரர்கள் கட்டிய திரை 21 மீற்றர் அகலம். சனம் அதன் இரண்டு பக்கமும் இருந்து பார்க்கவேண்டும் என்பதால் துணியை நனைத்தே தூக்கினார்கள். நனைந்த துணி ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், மிச்சத்தை மறுபக்கம் விடும்.

வெள்ளைத் துணியின் குறை என்னவென்றால், அது ஒளியைக் கூரைக்கும் சுவருக்கும்கூடச் சமமாகப் பங்கிட்டுவிடும். விளக்கு பலவீனமாக இருந்த காலத்தில இது பெரிய நட்டம். அதனாலதான் உலோகப் பூச்சு வந்தது. நாங்கள் இன்றைக்கும் எழுதுற 'வெள்ளித்திரை' சும்மா அலங்காரச் சொல் இல்லை, உண்மையிலேயே வெள்ளிநிறம் பூசின திரை. நடுவில இருப்பவருக்குப் படம் பளிச்சென்று தெரியும், ஓரத்துக் கதிரைக்காரர் பாவம். 1950களில் முப்பரிமாணப் படங்கள் வந்தபோது அந்தப் பூச்சு மறுபடி தேவைப்பட்டது. ஒவ்வொரு கண்ணுக்குமான ஒளியைக் கலக்காமல் திருப்பி அனுப்ப வெள்ளைத் துணியால ஏலாது.

எங்களிட்டக் கிடந்தது இன்னொரு வகை. வெள்ளைத் துணியில் பசை பூசி, அதன்மேல் மிகச் சிறிய கண்ணாடி மணிகளைத் தூவியது. ஒவ்வொரு மணியும் தன்மேல் விழுகிற ஒளியை, வந்த திசைக்கே பெரும்பாலும் திருப்பிவிடும். பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் சிறிய விளக்குள்ள புரொஜெக்டர்களுக்கு இதுதான் தோதாக இருந்தது.

இதில திட்டுக்கு மட்டும் பெயின்ற் அடிச்சால் என்ன நடக்கும்? புரொஜெக்டருக்குப் பக்கத்தில இருப்பவருக்கு அந்த இடம் மங்கலாகத் தெரியும். ஓரத்தில இருப்பவருக்கோ அதே இடம் மற்ற இடங்களைவிட வெளிச்சமாகத் தெரியும்! ஈரத்துணியால துடைச்சாலும் ஆபத்து. பசை இளகி மிச்ச மணியும் கொட்டும். தியேட்டர்த் திரைக்கு வேறு தலைவலி. பேசும்படம் வந்தபிறகு ஒலிபெருக்கியைத் திரைக்குப் பின்னால வைத்தார்கள், சத்தம் வர நுண்துளைகள் இட்டார்கள். கவனமில்லாமல் பூசினால் துளை அடைபட்டுக் குரலே மந்தமாகிவிடும்.

நண்பனும் முழுக்கப் பிழை இல்லை. திரை முழுவதற்கும் ஒரேசீராகப் பூசினால் அது சாதாரண வெள்ளைத் திரையாக வேலை செய்யும். இப்போதைய புரொஜெக்டருக்கு அதுவே போதும். ஆனால் பூசினதைத் திரும்ப உரிக்க ஏலாது. இத்தனை இடப்பெயர்வுக்குப் பிறகு எங்கட ஊரில் பழசென்று மிஞ்சினதே கொஞ்சம். அதில ஒன்றை ஒரு லீற்றர் பெயின்றால மூட எனக்கு மனம் வரேல்லை.

கொஞ்சம் சண்டை பிடிச்சுத்தான் முடிவெடுத்தம். கிழிசலின் இரண்டு ஓரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சேர்த்து, பின்பக்கம் மட்டும் துணிநாடா ஒட்டினம். பூஞ்சணத்தைக் காய்ந்த மென்தூரிகையால மெதுவாய்த் தட்டினம். திட்டு அப்படியே கிடக்கு. அடுத்த மாதப் படத்துக்கு முன்னால ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டப்போறம். சுருக்கம் விழாமல் இழுத்துக் கட்டுறது அவன்ர பொறுப்பு.